எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்?

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதன் உள்ளுறுப்புகளின் பெயர்கள் தெரிவதில்லை; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேர்வதில்லை. ஆயினும், கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பு நடத்துகிறவர், கட்டப்போகும் வீட்டின் தோற்றத்தை முன்கூட்டியே திரையில் எழுப்பிக் காட்டும் வரைவாளர், செயற்கை நுண்ணறிவைப் பயிலும் பொறியியல் மாணவர், வேலை முடிந்து வந்தபின் இரண்டு மணி நேரம் வீடியோ கேம் ஆடிக் களைப்பாறும் இளைஞர் ஆகிய இவர்கள் எல்லோரும் நன்றாக அறிந்து, பல மாதச் சேமிப்பைச் செலவிட்டோ மாதத் தவணைக்கு உடன்பட்டோ ஆவலுடன் வாங்குகிற உறுப்பு ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு என்பது அதன் பெயர். அந்தக் கார்டு பழுதாகிவிட்டால், வாரண்டி காலத்துக்குள்ளேயே பழுதானாலும், அதைச் சரிசெய்தோ மாற்றியோ திரும்பப் பெறுவதற்குள் இவர்கள் படுகிற பாட்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

திரையில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நொடிக்குப் பல தடவை கணக்கிட்டுத் தருவது இந்தக் கார்டின் வேலை. 2022 அக்டோபரில் என்விடியா கம்பெனி வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டின் மத்தியில் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் 608 சதுர மில்லிமீட்டர்தான் என்றாலும், அந்தச் சிறு பரப்பினுள் 7,600 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அமைந்திருக்கின்றன. முழு வேகத்தில் இயங்கும்போது அது 450 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கூடத்தில் சுழலும் பழைய மாதிரி மின்விசிறிகள் ஆறு சேர்ந்தால் எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு அது. 2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற அடுத்த தலைமுறைக் கார்டுக்கு 575 வாட் தேவைப்படுகிறது. இவ்வளவு மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே வெளிப்பட வேண்டியிருப்பதால், அதை அகற்றுவதற்கென்று உலோகத் தகடுகளும் விசிறிகளும் பொருத்தப்பட்டு, பெரிய கார்டுகளின் எடை இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. விலையும் அதற்கேற்றாற் போலத்தான். 4090 கார்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

இத்தகைய யந்திரத்துக்குப் பழுது வருவது அதிசயமில்லை. சில்லையும் அதைத் தாங்கும் பலகையையும் இணைப்பவை கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஈயப்பற்றுப் புள்ளிகள். வெப்பம் ஏறும்போது சில்லு ஓர் அளவிலும் பலகை வேறோர் அளவிலும் விரிகின்றன. ஆறும்போது அவ்வாறே வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. கம்ப்யூட்டரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் இந்த இழுபறி நடந்துகொண்டேயிருப்பதால், சேர்மானத்திலோ மூலப்பொருளிலோ சிறிது குறையிருந்தாலும் ஏதோ ஒரு பற்றுப் புள்ளியில் மயிரிழை அளவு விரிசல் விழுந்துவிடுகிறது. அப்போது திரையில் தோன்றும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பச்சையும் ஊதாவுமாகச் சிறு சிறு கட்டங்கள் முதலில் ஒரு மூலையில் பொரிந்தாற் போலத் தோன்றும். அடுத்துக் குறுக்கே கோடுகள் ஓடும். பிறகு திரை முழுவதும் கறுத்துப்போய், உள்ளேயிருக்கும் விசிறிகள் மட்டும் பேரிரைச்சலோடு சுழன்றுகொண்டிருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்தி அரைமணி நேரம் கழித்துப் போட்டால் எல்லாம் பழையபடி சரியாக இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கார்டின் பெட்டியில் மூன்று வருஷ வாரண்டி என்று அச்சிட்டிருக்கும். வாங்கியவர் அந்த நம்பிக்கையுடன் கார்டைக் கழற்றி, அதனுடன் வந்த நிலைமின் காப்பு உறையிலிட்டு, பழைய பெட்டியிலேயே வைத்து, பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவானாலும் சரி, பெங்களூரின் எஸ்.பி. ரோடானாலும் சரி, தில்லியின் நேரு பிளேஸானாலும் சரி, அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "நாங்க வித்ததோட சரி சார், இனிமே சர்வீஸ் சென்டர்லதான் பார்க்கணும்." சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் பார்த்து, கார்டின் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ஒரு ஜாப் ஷீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் காகிதத்தில் ஒப்படைத்த தேதி இருக்கும், பழுதின் விவரம் ஒரு வரியில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்பது மாத்திரம் இராது. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தால் "செக் பண்ணிட்டு இருக்காங்க" என்பார்கள். மூன்றாம் வாரத்தில் "மேலே அனுப்பியிருக்கோம்" என்பார்கள். அதற்குப் பிறகு "ஸ்டாக் வரணும் சார், வந்தவுடனே கூப்பிடறோம்" என்ற வார்த்தைதான் மாதக் கணக்கில் பதிலாக இருக்கும்.

அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கோபித்துப் பயனில்லை. அவர் கார்டைத் தயாரித்த கம்பெனியின் ஊழியராகவே பல இடங்களில் இருப்பதில்லை. சில்லை வடிவமைக்கிறது அமெரிக்கக் கம்பெனி ஒன்று. அதை வார்த்தெடுக்கிறது தைவானிலுள்ள டி.எஸ்.எம்.சி. தொழிற்சாலை, நினைவகச் சில்லுகள் தென் கொரியாவிலிருந்தோ அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனியிடமிருந்தோ வருகின்றன, இவற்றையெல்லாம் ஒரு பலகையில் சேர்த்துத் தம் பெயரைப் பொறித்து விற்கிறவை பெரும்பாலும் தைவானைச் சேர்ந்த வேறு கம்பெனிகள். அவற்றிடமிருந்து இறக்குமதி செய்கிறவர் ஒரு டிஸ்டிரிபியூட்டர். சர்வீஸ் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருப்பது மற்றொரு நிறுவனம். விற்கும்போது இந்தச் சங்கிலி வெகு வேகமாக ஓடுகிறது. புதிய கார்டு உலகச் சந்தையில் வெளியான அதே நாளில் நம் ஊர்க் கடையிலும் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். திரும்பி வரும் சரக்கு என்றால் மட்டும் ஒவ்வொரு கண்ணியிலும் அனுமதிக்கும் கணக்குக்குமாக நாட்கள் கழிகின்றன. போதாக்குறைக்கு, ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாடல்களே மாறிவிடுவதால், பழுதான கார்டுக்கு ஈடாகக் கொடுக்க அதே கார்டு கையிருப்பில் இருப்பதில்லை. "சமமான" கார்டு என்று ஒன்றைக் கொடுக்க முன்வந்தால், எது சமம் என்பதில் தகராறு எழுகிறது.

சற்று முன் சொன்ன அந்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். வீட்டில், மே மாத வெயிலில், மூடிய பெட்டிக்குள், இரண்டு மணி நேரம் தொடர்ந்து உழைத்தபின் தலைகாட்டுகிற பழுது, சர்வீஸ் சென்டரின் குளிர்சாதன அறையில், திறந்த மேஜை மேல், பதினைந்து நிமிஷச் சோதனையில் தலைகாட்டுவதில்லை. ஆகவே "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவர் வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டினால், இரண்டாம் நாள் அதே பச்சைக் கட்டங்கள் தோன்றுகின்றன. மறுபடியும் பஸ், மறுபடியும் வரிசை, மறுபடியும் புதிய ஜாப் ஷீட். முன்பு கழிந்த நாட்கள் இந்தப் புதிய காகிதத்தின் கணக்கில் சேர்வதில்லை. மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில் காய்ச்சல் இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று சொல்லி ஒருவரை அனுப்பிவிடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும் என்பதே என் அபிப்பிராயம். வாடிக்கையாளர் தம் கைபேசியில் எடுத்துக் காட்டும் வீடியோவைப் பூர்வாங்க சாட்சியமாக ஏற்றுக்கொண்டு, பழுது தோன்றிய அதே நிலைமைகளில் கார்டைச் சோதிப்பது ஒன்றும் நடவாத காரியமல்ல.

தாமதத்துக்கு மேல் நிராகரிப்பும் உண்டு. கனத்த கார்டு தன் எடையாலேயே தொய்ந்து, இணைப்பு முனைக்கு அருகில் பலகையில் விரிசல் கண்டால், அதை ஃபிஸிக்கல் டேமேஜ் என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிடுகிறார்கள். இரண்டு கிலோ எடையை ஓர் ஓரத்தில் தொங்கவிடும்படி வடிவமைத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. துரு கண்டால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனையும் சாதாரணமாக இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு அநீதியாக முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருகாணியின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி, அதைக் கிழித்தால் வாரண்டி போயிற்று என்று அச்சிடும் வழக்கமும் வெகு காலமாக இருந்துவருகிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் இந்த வழக்கத்தைக் கண்டித்து, ஏஎஸ்ராக், ஜிகாபைட், ஜோட்டாக் ஆகிய கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அந்நாட்டில் 1975-ஆம் வருஷத்திலிருந்தே வாரண்டிகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் இருந்துவருவதால், ஆணையத்தால் அவ்வாறு கேட்க முடிந்தது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, தாமதம் தவிர்க்க முடியாததுதானோ என்ற சந்தேகம் எழக்கூடும். தவிர்க்க முடியும் என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சியம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டு யந்திரம் வெப்பத்தால் இணைப்புகள் முறிந்து ஏராளமாகப் பழுதடைந்தது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் யந்திரம் நின்றுவிட்டது என்று பொருள். 2007 ஜூலையில் அக்கம்பெனி அந்தப் பழுதுக்கான வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் தன் கணக்கில் ஒதுக்கி வைத்தது. அக்கம்பெனியின் விளையாட்டுப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்த பீட்டர் மூர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் கூறியபடி, அத்தொகையில் 24 கோடி டாலர் கூரியர் செலவுக்கு மட்டுமே ஆனது. வாடிக்கையாளர் கேட்டவுடன் காலிப் பெட்டியை அவர் வீட்டுக்கு அனுப்பி, பழுதான யந்திரத்தை வரவழைத்து, சீர்செய்ததை விரைவாகத் திருப்பி அனுப்புவது என்ற ஏற்பாட்டுக்காகத்தான் அவ்வளவு பணம் செலவாயிற்று. யந்திரத்தைச் செப்பனிடுவது மாத்திரம் போதாது, காலத்தையும் மிச்சப்படுத்தித் தர வேண்டும் என்பதை உணர்ந்தவர்களின் காரியம் அது.

அதற்கு அடுத்த வருஷமே, 2008 ஜூலையில், என்விடியா கம்பெனி தன் லேப்டாப் சில்லுகள் சிலவற்றின் உள்ளமைப்புப் பொருள் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. லேப்டாப் கம்பெனிகளில் சில வாரண்டியை நீட்டித்தன. ஆனால் அந்தப் பழுது மெல்ல முதிர்கிற இயல்புடையதாதலால், விவகாரம் நீதிமன்றம் வரை சென்று சமரசத்தில் முடிய நேர்ந்தது. 2022 இறுதியில் ஏ.எம்.டி. கம்பெனியின் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகள் சில 110 டிகிரி வரை சூடேறின. உள்ளிருக்கும் வெப்பம் கடத்தும் அறையில் போதிய நீர் இல்லாததே காரணம் என்று 2023 ஜனவரியில் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதற்கு முன் புகார் செய்தவர்களில் சிலருக்கு அந்த வெப்பநிலை சகஜமானதே என்ற பதில்தான் கிடைத்திருந்தது. 4090 கார்டின் மின் இணைப்பு முனைகள் உருகுவதாக அதே காலத்தில் புகார்கள் கிளம்பி, உலகம் முழுவதும் அந்தப் படங்கள் பரவியபோது, எந்தக் கேபிளைப் பயன்படுத்தியிருந்தாலும் சரி, துரிதமாக மாற்றித் தரப்படும் என்று என்விடியா அறிவித்தது. பத்திரிகைகளின் பார்வை படும்போது துரிதம் சாத்தியமாகிறது என்றால், பார்வை படாத சாமானிய வாடிக்கையாளருக்கும் அது சாத்தியமே.

வாரண்டி என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் விலையும் கார்டின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். பழுது கம்பெனியுடையது, தாமதம் கம்பெனியின் ஏற்பாட்டால் வருவது. நஷ்டம் மட்டும் முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. கார்டு சர்வீஸ் சென்டரின் அலமாரியில் இருக்கும்போதும் வங்கித் தவணை தவறாமல் பிடிக்கப்படுகிறது. முகூர்த்த மாதத்தில் எடிட் செய்து கொடுக்க வேண்டிய ஆல்பங்களும் வீடியோக்களும் தேங்கிப்போய், வாடிக்கைக்காரர் வேறு ஸ்டூடியோவைத் தேடிப் போய்விடுகிறார். மாற்றுக் கார்டு வந்தாலும், அதற்கு உரிய வாரண்டி பழைய கார்டின் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைத்திருப்பதால், காத்திருந்த மாதங்களும் அந்தக் கணக்கில் கரைந்துபோகின்றன. மூன்று வருஷம் என்று காலத்தை எண்ணி விற்கிறவர்கள், எத்தனை நாளில் சரிசெய்து தருவோம் என்பதை மட்டும் எண்ண மறுப்பது எந்த நியாயத்திலும் சேராது.

பிற தேசங்களின் சட்டங்கள் இதை ஓரளவு கவனித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் வருஷ நெறிமுறை, பழுதான பொருளை நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய அசௌகரியம் நேராதபடி, இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பையும் விற்ற கடைக்காரர் மீதே வைக்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் வருஷச் சட்டப்படி, வாங்கிய 30 நாட்களுக்குள் குறை கண்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். பிறகு கண்டாலும், ஒரு முறை செப்பனிட்டும் சரியாகாவிட்டால் அதே உரிமையைக் கோரலாம்.

நம் நாட்டிலும் சட்டம் வாளாவிருக்கவில்லை. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதை அது முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. நிறைவேற்றப்படும் என்பதற்கு நியாயமான வாய்ப்பே இல்லாத வாரண்டியை வழங்குவதையும் அதே வகையில் சேர்க்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கம்பெனி எங்கிருந்தாலும், முறையிடுகிறவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் தொடர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் கூறினாலும், சுயதொழில் செய்து தம் ஜீவனத்துக்காக மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு விலக்கு அளிக்கிறது. தனியாக உட்கார்ந்து எடிட் செய்யும் தொழிலாளி இந்த விலக்கைக் கேட்டுப் பெற வேண்டும். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் ஆணையங்களுக்கே காலம் வகுத்திருக்கிறது. நீதி வழங்குகிறவர்களுக்கு நாள் குறித்த சட்டம், கார்டை விற்றுக் காசு பெற்றவர்களுக்கும் திட்டவட்டமாக ஒரு நாள் குறித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

ஆகையால், கார்டு பழுதான அன்பர்கள் சில காரியங்களை முதல் நாளே செய்துவிட வேண்டும். திரையில் தோன்றும் கோளாறைக் கைபேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்பதற்கு முன் கார்டின் ஒவ்வொரு பக்கத்தையும், சீரியல் நம்பரையும், இணைப்பு முனையையும் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஃபிஸிக்கல் டேமேஜ் என்ற பேச்சு வந்தால் அதுவே உங்களுக்குத் துணை. பில்லையும் ஜாப் ஷீட்டையும் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்ன பதிலை அன்றே ஈமெயிலில் எழுதி அனுப்பி, எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகத் தயங்காதீர்கள்.

கம்பெனிகளுக்கும் மத்திய சர்க்காரின் நுகர்வோர் நலத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். பெட்டியின் மேல் மூன்று வருஷ வாரண்டி என்று பெரிய எழுத்தில் அச்சிடும் இடத்திலேயே, பழுதான கார்டை இத்தனை நாட்களுக்குள் திருப்பித் தருவோம், தவறினால் மாற்றுக் கார்டோ முழுப் பணமோ கொடுப்போம் என்ற வாசகத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். காத்திருந்த நாட்களை வாரண்டி காலத்தோடு கூட்டிக் கொடுக்க வேண்டும். இதைச் சட்டத்தின் மூலமே கட்டாயமாக்கிவிடுமாறு துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.